ஒன்றிலிருந்து தொடங்கும் அடிமட்டம்

வயிற்றுக்குள் எப்போது கிழியும் என்று தெரியாத ஒரு சாமானை வைத்துக்கொண்டு, நல்லூர் முருகன் கோயில் வீதி மணலில் அங்கப்பிரதட்டை உருண்டவன் நான். படிப்பறிவில்லாமல் செய்த வேலை என்று தப்பவும் முடியாது. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு முப்பத்தைந்து வருடம் கணக்கு ரியூசன் கொடுத்தவன். அதிலும் நிகழ்தகவு படிப்பித்தவன். என்னிடம் படித்த சிலர் இன்று எஞ்சினியராகவும் டொக்டராகவும் இருக்கிறார்கள். இதை வாசித்த பிறகு என்னிடம் படித்ததை அவர்கள் வெளியில் சொல்லமாட்டார்கள். அதற்காக நான் கோபிக்கவும் மாட்டேன்.

என் முட்டாள்தனத்தை மட்டும் எழுதுவதென்றால் ஒரு கொப்பி காணாது. இங்கே எழுத வந்தது, அந்தச் சாமானை ஒரு வருடமாக அளந்து அளந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு டொக்டரைப் பற்றி. சத்திரசிகிச்சை நிபுணர். நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். மெலிந்த உடம்பு, கைத்தறிச் சேலை, காதோரம் கொஞ்சம் நரை. கிளினிக்குக்கு வருகிறவர்கள் அவருக்கு 'பொறுங்கோ டொக்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வெட்டச் சொல்லி வந்தவர்களில் பாதிப்பேரை அந்த ஒரு சொல்லோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்பது குற்றச்சாட்டு.

எனக்கு அந்த வீக்கம் அகப்பட்டது தற்செயலாக. சிறுநீரகத்தில் கல் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கான் செய்யப் போனேன். கல் இல்லை. அந்தச் சந்தோசத்தோடு எழும்பப் பார்த்தவனை ஸ்கான் செய்தவர் திரும்பப் படுக்க வைத்தார். பள்ளிக்கூடத்தில் படம் கீறிப் படித்த பெருநாடி, நெஞ்சிலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் இடத்தில் உப்பிப் போயிருக்கிறதாம். பெருவிரல் மொத்தத்தில் இருக்கவேண்டிய குழாய், நாலு தசம் நாலு சென்ரிமீற்றர்.

அது திங்கட்கிழமை. நம்பிக்கை வரவில்லை. புதன்கிழமை வேறோர் இடத்தில் ஸ்கான் செய்தேன். நாலு தசம் ஒன்பது. இரண்டு நாளில் ஐந்து மில்லிமீற்றர். வீட்டுக்கு வந்து வரைபுத்தாளை எடுத்து இரண்டு புள்ளிகளையும் குறித்து நேர்கோடு போட்டேன். கோட்டின்படி அடுத்த மாதப் பூரணையன்று என் பெருநாடி ஒரு பூசணிக்காய் அளவு. வியாழக்கிழமை விடிய நல்லூரானிடம் போய், இதைச் சுருங்க வைத்தால் ஆவணித் திருவிழாவில் வீதி உருளுவேன் என்று நேர்த்தி வைத்தேன். வெள்ளிக்கிழமை மூன்றாவது இடத்தில் ஸ்கான். நாலு தசம் ஆறு.

ஒரே நாளில் மூன்று மில்லிமீற்றர் சுருக்கம். என் மனிசியைக் கூப்பிட்டுச் சொன்னேன், அவள் கற்பூரம் கொளுத்தினாள். உருளுவது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

மூன்று அறிக்கைகளையும் வரைபுத்தாளையும் கொண்டுபோய் டொக்டரின் மேசையில் பரப்பினேன். அவர் முன்னால் ஒரு பிளேன்ரீ ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. அவர் தேத்தண்ணியைச் சுடச்சுடக் குடித்து நான் ஒருநாளும் கண்டதில்லை. வரைபை நிதானமாகப் பார்த்தார்.

"மாஸ்ரர், உங்கடை பெடியள் ரெண்டு புள்ளியை வைச்சுக் கோடு போட்டால் எத்தினை மார்க்ஸ் குடுப்பியள்?"

"குடுக்கமாட்டன்."

"மூண்டு பேர், மூண்டு மிசின். ஒருத்தர் சுவருக்கு வெளியாலை அளந்திருப்பார், மற்றவர் உள்ளாலை. உங்கடை நாடி அந்தக் கிழமை முழுக்க ஒரே அளவாய்த்தான் இருந்திருக்கு. நீங்கள்தான் ஓடித் திரிஞ்சிருக்கிறியள்."

முருகனுக்குக் கிடைத்திருந்த பெருமையெல்லாம் அந்த ஒரு வசனத்தோடு அளவைப் பிழையாகப் போனது. நேர்த்தி வைத்த விசயத்தை நான் அவருக்குச் சொல்லவில்லை.

அவர் தானே ஸ்கான் பிடித்துப் பார்த்தார். நாலு தசம் ஆறு. கிளினிக் கடதாசியின் பின்பக்கத்தில் பென்சிலால் அதே அளவுக்கு ஒரு வட்டம் கீறினார். அளப்பதற்கு அவர் எடுத்த மர அடிமட்டத்தை எட்டிப் பார்த்தேன். நுனி உடைந்து, பூச்சியம் இல்லாமல், ஒன்றிலிருந்து தொடங்கியது.

"டொக்டர், உதிலை ஒரு சென்ரிமீற்றர் குறையுது. பிழைச்சால் என்ரை உயிரெல்லோ போகும்."

"ஒண்டிலை வைச்சு அளந்துபோட்டு ஒண்டைக் கழிக்கிறனான். கழித்தல் நீங்கள் படிப்பிக்கிறேல்லையோ?"

பிறகு அந்த வட்டத்துக்கு வெளியே இன்னொரு பெரிய வட்டம் கீறினார். "ஆம்பிளையளுக்கு ஐஞ்சரை. பொம்பிளையளுக்கு ஐஞ்சு. அதுக்குக் கீழை எண்டால் ஆறு மாதத்துக்கு ஒருக்கால் அளந்துகொண்டு பொறுப்பம். கிடுகிடெண்டு வளர்ந்தாலோ, வயிறோ முதுகோ நொந்தாலோ, பெரிய வட்டம் வருமட்டும் பாத்துக்கொண்டிருக்கமாட்டன்."

"இப்பவே வெட்டி எடுத்தால் கரைச்சல் முடிஞ்சுதே?"

"ஒரு பக்கம் அது கிழியிற ஆபத்து. மற்றப் பக்கம் என்ரை கத்தியிலை இருக்கிற ஆபத்து. இண்டைக்கு உங்களுக்கு என்ரை கத்திதான் பெரிய ஆபத்து."

தன் கத்தியைப் பற்றி இப்படிச் சொன்ன வேறு டொக்டரை நான் சந்தித்ததில்லை. வாயால் வெட்டச் சொல்லிக் கேட்டாலும், உள்ளுக்குள் வெட்டவேண்டாம் என்று கும்பிட்டுக்கொண்டு போனவன்தான் நான். ஆனால் வேண்டாம் என்று அவர் சொன்னதும், ஏதோ தரவேண்டியதைத் தராமல் விட்டதுபோல எனக்கு மனக்குறை வந்துவிட்டது.

புறப்படும்போது கேட்டார்: "சுருட்டு விட்டாச்சோ?"

"எப்பவோ விட்டிட்டன்."

"மீசையிலை ஒரு பக்கம் மஞ்சள் அடிச்சிருக்கு."

வீட்டுக்கு வந்து அன்றே ஒரு முடிவு எடுத்தேன். மீசையை வழித்தேன். சுருட்டை விடவில்லை, கிணற்றடிக்குப் பின்னால் மாற்றினேன்.

அவருடைய பொறுமை ஆஸ்பத்திரியோடு நிற்பதல்ல. ஒருநாள் சந்தையில் கண்டேன். நீர்வேலிக்காரர் ஒருவர் வாழைப்பழம் குவித்து வைத்திருந்தார். டொக்டர் நல்ல மஞ்சள் சீப்புகளை விட்டுவிட்டுப் பச்சையாக ஒரு சீப்பைத் தூக்கினார்.

"அம்மா, அது பழுக்கேல்லை. இதைக் கொண்டு போங்கோ," என்றார் வியாபாரி.

"எனக்கு வியாழக்கிழமைக்குத்தான் வேணும், அண்ணை."

நான் மஞ்சள் சீப்பை வாங்கி, சைக்கிளில் தொங்கவிட்டு, வழியிலேயே தின்றுகொண்டு போனேன். பின்னேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. கிழிந்துவிட்டது என்று முடிவெடுத்து, ஓட்டோ பிடித்து, மனிசிக்குத் திறப்புக் கொத்து எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் ஓடி வந்தார். அவர் ஓடி நான் கண்டது அன்றைக்குத்தான். நாடி, பிரசர், வயிறு, ஸ்கான் எல்லாம் பார்த்து முடித்த பிறகு கதிரையில் இருந்தார்.

"எத்தினை பழம்?"

"ஏழு."

"பொறுங்கோ. போயிடும்."

மற்றவர்களாக இருந்தால் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அவர் எழும்பும்போது, "நொந்தால் திரும்பவும் இப்பிடித்தான் வரவேணும். பழமோ நாடியோ எண்டு நீங்கள் வீட்டிலை இருந்து யோசிக்கக்கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடி மாத அளவையில் நாலு தசம் ஏழு காட்டியது. அன்றைக்குத்தான் ரொறன்ரோவிலிருந்து என் மனிசியின் தம்பி தொலைபேசியில் நுழைந்தான். கனடாவில் இருப்பதால் அவனுக்கு எல்லா வைத்தியமும் தெரியும். கிளினிக்கில் இருக்கும்போதே கூப்பிட்டு, டொக்டரிடம் கொடுக்கச் சொன்னான். சத்தம் வெளியில் கேட்டது.

"டொக்டர், இஞ்சை எல்லாம் தொடைக்குள்ளாலை விட்டுச் செய்து, மூண்டாம் நாள் வீட்டை அனுப்புறாங்கள். நீங்கள் ஏன் அத்தானை வைச்சுக்கொண்டு இருக்கிறியள்? என்ன தேவையெண்டாலும் நான் அனுப்புறன்."

"தம்பி, அங்கை உங்கடை டொக்டரிட்டை அத்தான்ரை அளவைச் சொல்லிக் கேட்டீங்களோ?"

மறுமுனை கொஞ்சம் இருமியது. "கேட்டனான்."

"என்ன சொன்னவர்?"

"பொறுக்கச் சொன்னவர்."

டொக்டர் தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டுப் பனங்கட்டியில் ஒரு ஓரம் கடித்தார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எனக்கு அவர்மேல் வந்த கோபத்தையும் சொல்லாமல் விட்டால் சரியில்லை. கிளினிக்கின் நீள வாங்கில் எனக்குப் பக்கத்தில் கோப்பாயிலிருந்து வரும் ஒரு ஐயா இருப்பார். புகையிலைத் தோட்டம் செய்தவர், எண்பத்திரண்டு வயது. அவருடையது ஆறு தசம் நாலு. நான் என்னுடையதைச் சொன்னபோது, "நீர் இன்னும் பாலர் வகுப்பு," என்று சிரித்தார். சிரிப்பு முடிய முன்னர் இருமல் வந்துவிடும். சுருட்டு அவருடைய நெஞ்சுக்குள் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

ஒருநாள் கதவு திறந்திருந்தது. உள்ளே ஐயாவும் மகளும். டொக்டர் கதிரையை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்து, ஐயாவின் முழங்காலோடு முழங்கால் இடிக்கும்படி இருந்து கதைத்தார்.

"ஐயா, உங்கடை வீக்கம் வெட்டவேண்டிய அளவுதான். ஆனால் உங்கடை நெஞ்சும் இருதயமும் அந்த மயக்க மருந்தைத் தாங்காது. மேசையிலையே போயிடுவியள் எண்டுதான் எனக்குப் பயம். தொடைக்குள்ளாலை விட்டுச் செய்யிற முறைக்கும் உங்கடை நாடியின்ரை வளைவு இடம் தரேல்லை. வெட்டத்தான் வேணும் எண்டு நீங்கள் சொன்னால், திரும்பவும் இருந்து கதைப்பம்."

"வெட்டாமல் விட்டு, அது கிழிஞ்சால்?"

"அண்டைக்கு ஒண்டும் செய்ய ஏலாது. ஆனால் நோகாமல் பாத்துக்கொள்ளுவன். அந்த வாக்கு என்னாலை தரலாம்."

ஐயா மேசையில் இருந்த உடைந்த அடிமட்டத்தைப் பார்த்தார். பிறகு எழும்பிச் சால்வையைத் தோளில் போட்டார்.

"காணும் பிள்ளை," என்றார். எங்கள் ஊரில் போதும் என்பதற்கு அப்படித்தான் சொல்லுவோம்.

வெளியில் இருந்த நான் கொதித்துக்கொண்டிருந்தேன். சிறியது என்று என்னை வெட்டுகிறாரில்லை. பெரியதாக இருந்தும் அவரை வெட்டுகிறாரில்லை. அப்படியென்றால் இந்த மனிசி யாரைத்தான் வெட்டும்? வாங்கில் இருந்தவர்களுக்கு இதை ஒரு பிரசங்கமாகவே வைத்தேன். ஐயா என் கையைப் பிடித்து இருத்தினார்.

"தம்பி, அந்தப் பிள்ளை எனக்குப் பொய் சொல்லேல்லை. நீர் சத்தம் போடாமல் இரும்."

ஐயா அந்த மாரியில் சளிக்காய்ச்சல் வந்து, தன் கட்டிலில், மகளின் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தார். வீக்கம் கடைசிவரை கிழியவில்லை. இதை நான்தான் டொக்டருக்குச் சொன்னேன். எடுத்த பனங்கட்டித் துண்டைத் திரும்பக் கடதாசியில் வைத்துச் சுற்றினார். அன்றைக்கு முழுக்கத் தேத்தண்ணி மேசையில் அப்படியே இருந்ததாகத் தாதி சொன்னார்.

இதற்கிடையில்தான் ஆவணித் திருவிழா. அளவைப் பிழையில் பிறந்த நேர்த்தியாக இருந்தாலும் நேர்த்தி நேர்த்திதான் என்று மனிசி சொல்லிவிட்டாள். விடிய ஐந்து மணிக்குக் கேணியில் தோய்ந்து, ஈரவேட்டியோடு மணலில் படுத்தேன். எனக்கு முன்னால் ஒரு ஐம்பதுபேர் உருண்டுகொண்டிருந்தார்கள். எல்லோரும் பெடியள். வடக்கு வீதியில் திரும்பும்போது தலை சுற்றி நெஞ்சு அடித்தது. வாய்க்குள் மண். மல்லாந்தபோது மேலே வெள்ளைச் சேலை கட்டிய ஒரு உருவம் தெரிந்தது. அம்பாள்தான் வந்துவிட்டாள் என்று கும்பிட்டேன். அடுத்த உருளலில் முகம் தெளிந்தது. டொக்டர்.

நான் வெட்கத்தில் அடுத்த உருளலை விரைவாக உருண்டேன்.

மனிசி பிறகு சொன்னாள். நான் உருண்டு முடித்து எழும்பும்வரை டொக்டர் பத்தடி தள்ளி நடந்து வந்தாராம், கையில் தொலைபேசியை வைத்தபடி. அம்புலன்ஸ் எந்த வீதியில் நிற்கிறது என்று மனிசியிடம் கேட்டு வைத்திருந்தாராம். நான் எழும்பி நின்றதும் சாமியை ஒருதரம் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

தை மாத அளவைக்குப் போனபோது கதவடியிலேயே கேட்டேன்: "அண்டைக்கு ஏன் என்னை மறிக்கேல்லை, டொக்டர்?"

"மறிச்சால் எழும்பியிருப்பியளோ?"

கட்டிலில் ஏறிப் படுத்தேன். அவர் வழமையைவிடக் கனநேரம் ஸ்கான் பிடித்தார். துடைத்துவிட்டுத் திரும்பவும் பிடித்தார். பெரிய ஸ்கானுக்கு அன்றே அனுப்பினார். படம் வந்ததும் பென்சிலால் வட்டம் கீறி, ஒன்றிலிருந்து அளந்து, ஒன்றைக் கழித்தார்.

"ஐஞ்சு தசம் மூண்டு. ஆறு மாதத்திலை ஆறு மில்லிமீற்றர். மாஸ்ரர், இந்தக் கிழமை செய்வம்."

ஒரு வருடமாக வெட்டச் சொல்லி அவர் உயிரை வாங்கியவன் நான். அந்த வசனத்தைக் கேட்டதும் கட்சி மாறிவிட்டேன்.

"ஐஞ்சரை எண்டு நீங்கள்தானே கீறிக் காட்டினீங்கள். இன்னும் ரெண்டு மில்லிமீற்றர் கிடக்கு. பொறுப்பமே?"

"இல்லை."

"நான் உருண்டதாலைதான் வளர்ந்ததோ?"

"உருண்டதாலை வந்ததெண்டு சொல்லமாட்டன். உங்களிலை இப்பவும் சுருட்டு மணக்குது. வீட்டுக்குப் பின்னாலை என்ன நடக்குதெண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

மனிசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த அறையில் வைத்துத்தான் கடைசிச் சுருட்டுப் பெட்டியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். மடையன், கிளினிக்குக்கும் அதைக் கொண்டு போயிருந்தேன்.

பயத்துக்கு இன்னும் ஒரு வாசல் மிச்சமிருந்தது. மனிசி சாத்திரியாரிடம் போனாள். எனக்கு அட்டமத்துச் சனி நடப்பதால் பங்குனிக்குப் பிறகு பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அடுத்தநாள் அதை நான் பெரிய ஆதாரம்போல டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. மனிசியைப் பார்த்துக் கதைத்தார்.

"அக்கா, சாத்திரியார் சொல்லுற நாளிலை, சொல்லுற நேரத்துக்கு நான் கத்தியை எடுக்கிறன். ஆனால் அந்த நாள் இந்தக் கிழமைக்குள்ளை இருக்கவேணும். இவ்வளவு கெதியாய் வளருறதை நான் பங்குனிமட்டும் விட்டால், பிறகு நீங்கள் என்னட்டை வரமாட்டியள். நான்தான் உங்கடை வீட்டை வரவேண்டி வரும்."

மனிசி திரும்பப் போனாள். சாத்திரியார் பஞ்சாங்கத்தை இன்னொருமுறை புரட்டி, வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்குப் பழுதில்லாத ஒரு நேரம் கண்டுபிடித்தார். வியாழன் என்றதும் எனக்கு அந்தப் பச்சை வாழைச்சீப்பு ஞாபகம் வந்தது.

தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது என் பகிடி எல்லாம் எங்கோ ஓடிவிட்டது. பச்சை உடுப்போடு டொக்டர் தலைமாட்டில் நின்றார்.

"டொக்டர், உண்மையைச் சொல்லுங்கோ. இண்டைக்கு எது பெரிய ஆபத்து?"

"இண்டைக்கு வெட்டாமல் விடுறது." பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "எட்டு பதின்மூண்டு. ரெண்டு நிமிசம் கிடக்கு. பொறுங்கோ."

வீங்கிய இடத்துக்குள் ஒரு துணிக்குழாயை வைத்துத் தைத்தார்களாம். நான் கண் திறந்தபோது, என் கால் இரண்டையும் தொட்டு நாடி பார்த்துக்கொண்டு அவர் கட்டிலடியில் நின்றார். பிளேன்ரீ ஒன்று யன்னலில் ஆறிக்கொண்டிருந்தது.

சுகமாகி வந்ததும் ஒரு நல்ல உருக்கு அடிமட்டம் வாங்கிப் பரிசாகக் கொடுத்தேன். பூச்சியத்திலிருந்து தொடங்குவது. நன்றி சொல்லி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, அடுத்த நோயாளிக்குப் பழையதாலேயே அளந்தார். பிறகு வெளிமாவட்டத்துக்கு மாற்றம் வந்து போனபோது என்னுடையதைக் கிளினிக் தாதியிடம் கொடுத்துவிட்டு, உடைந்ததைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார். அந்த மனவருத்தம் எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அவர் போய் நாலு வருடமாகிறது. போன கிழமை ஸ்கான் செய்தேன், ஒரே ஓர் இடத்தில் மட்டும். குழாய் நன்றாக இருக்கிறது. மீசையும் திரும்ப வந்திருக்கிறது, முழு வெள்ளையாக. இந்தச் சந்தோசத்தில் மனிசி ஒரு உண்மையை வெளியில் விட்டாள். அந்த வியாழக்கிழமை தியேட்டர் வாசலில் நின்று, நான் உயிரோடு வந்தால் இன்னொருதரம் வீதி உருளுவேன் என்று நேர்த்தி வைத்தாளாம். உருளுவது அவளல்ல, நான்.

டொக்டருக்குத் தொலைபேசியில் நீளமாக ஒரு செய்தி எழுதினேன். ஸ்கான் அறிக்கை, மீசை, சுருட்டு விட்ட கணக்கு, கோப்பாய் ஐயாவின் மகள் சுகம் விசாரித்தது எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் கேட்டேன்: "வாற ஆவணிக்கு உருளலாமோ, டொக்டர்?"

ஒரு நாள் பதில் இல்லை. இரண்டு நாள் இல்லை. எனக்கு அது புதினமாகவும் இல்லை. மூன்றாம் நாள் வந்தது.

"நடந்தால் காணும்."